விண்வழி கண்ட ஆசிரியர்

நிலவில்லாத இரவில் வானத்தை அண்ணாந்து நோக்குங்கால் நம் உள்ளத்தில் எழும் வியப்பிற்கு அளவில்லை. எண்ணித் தொலையாத விண்மீன்கள் கருநீல வெளியெங்கும் மின்னுகின்றன. அவை எத்துணைத் தொலைவில் உள்ளன? மண்ணில் வாழும் மனிதன் என்றேனும் அவ்வெளியில் உலவ இயலுமா? இவ்வினாக்கள் பன்னெடுங்காலமாக மக்கள் நெஞ்சில் எழுந்து வந்தவையே. கதையிலும் கற்பனையிலும் மனிதன் பன்முறை விண்ணுலகு சென்று மீண்டிருக்கிறான். ஆனால், இன்ன கருவி வேண்டும், இன்ன வேகம் வேண்டும், இவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கணக்கிட்டு வழி காட்டியவர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்னணியில் நிற்பவர் ருஷ்ய நாட்டில் பிறந்த கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி என்பவர்.

அவர் பல்கலைக் கழகத்தில் பயின்றவரல்லர். பள்ளிப் படிப்பையேனும் முடித்தவரல்லர். செல்வக் குடியில் பிறந்தவருமல்லர். இளமையிலேயே செவிப்புலன் குன்றி, பிறர் பேச்சைக் கேட்கும் பேறிழந்தவர். தம் வாழ்நாளில் ஏறத்தாழ 40 ஆண்டுகளைச் சிறிய ஊர்களில் பள்ளி ஆசிரியராகக் கழித்தவர். இத்தகைய ஒருவர் வானியலையும் விண்வெளிச் செலவையும் எங்ஙனம் கற்றார்? யார் அவருக்குக் கற்பித்தனர்? இதனை அறிவது நமக்குப் பெரும்பயன் தரும்.

இளமையும் இன்னலும்

சியோல்கோவ்ஸ்கி 1857ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள், ரியாசான் மாகாணத்தைச் சேர்ந்த இஷெவ்ஸ்கோயே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் காட்டிலாகா அலுவலர். குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. அன்னையார் மரியா கல்வியறிவு வாய்ந்த அம்மையார். அவரே மகனுக்கு முதலாசிரியர் ஆனார். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கற்பித்து, கற்ற எழுத்துக்குப் பரிசாக ஒரு சிறு காசும் கொடுத்து ஊக்குவித்தார். எழுத்துக் கூட்டக் கற்ற சிறுவன் விரைவில் கதை நூல்களைத் தானே படிக்கத் தொடங்கினான்.

ஆடியும் ஓடியும், பனியில் சறுக்கியும் களித்து வந்த அவ்விளைஞன் வாழ்வில், ஏறத்தாழப் பத்தாம் வயதில், பேரிடி வீழ்ந்தது. செங்காய்ச்சல் என்னும் கொடுநோய் அவனைப் பற்றியது. உயிர் பிழைத்தது, ஆயினும் செவிகள் பெரும்பாலும் பயனற்றுப் போயின. அன்றுதொட்டு உலகம் அவனுக்கு ஓசை குன்றிய உலகமாயிற்று. உடன் ஆடிய சிறுவர்கள் மெல்ல மெல்ல விலகினர். கேலிக்கு அஞ்சி அவனும் தனிமையை நாடினான்.

குடும்பம் வியாத்கா என்னும் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு 1869இல் அவன் உயர்பள்ளியில் சேர்க்கப்பட்டான். ஆனால் ஆசிரியர் நடத்தும் பாடம் காதில் விழாத மாணவன் என் செய்வான்? வகுப்பில் அமர்ந்திருந்தும் வகுப்பிற்குப் புறம்பானவனாகவே அவன் இருந்தான். மறு ஆண்டு, 1870இல், அன்பே வடிவான அன்னையாரும் மறைந்தார். தன்னைப் புரிந்துகொண்ட ஓர் உயிரையும் இழந்த சிறுவன் துயரக்கடலில் ஆழ்ந்தான். 1873இல் அவனது பள்ளி வாழ்க்கை முற்றுப்பெற்றது. அதன்பின் எந்தக் கல்விக்கூடத்திலும் அவன் மாணவனாக அமரவில்லை.

நூலே ஆசான்

பள்ளியின் கதவு மூடியது. ஆனால் அறிவின் கதவு மூடவில்லை. தந்தையாரிடம் கணக்கு, இயற்கை அறிவியல் ஆகியவை பற்றிய சில நூல்கள் இருந்தன. பதினான்கு, பதினைந்து வயதளவில் சியோல்கோவ்ஸ்கி அவற்றைப் படிக்கலானார். நூல், கேளாச் செவியினரிடமும் பேச வல்லது. ஒருமுறை விளங்காததை ஒன்பது முறை கேட்டாலும் அது சினம் கொள்வதில்லை. இவ்வுண்மையை அவர் அப்போதே உணர்ந்தார்.

நில அளவை பற்றிய ஒரு பகுதியைப் படித்தபோது, கோணத்தை அளக்கும் கருவி ஒன்றைத் தாமே செய்தார். பிறகு வீட்டை விட்டு வெளியேறாமலே, தொலைவில் தெரிந்த தீயணைப்புக் காவற்கோபுரத்தை அக்கருவியால் நோக்கிக் கோணங்களைக் குறித்தார், கணக்கிட்டார். கோபுரம் 400 அர்ஷின் தொலைவில் இருப்பதாக விடை வந்தது. அர்ஷின் என்பது அக்கால ருஷ்ய அளவு. 400 அர்ஷின் என்பது ஏறத்தாழ 284 மீட்டர் ஆகும். விடை சரிதானா என்னும் ஐயத்தை அவர் ஐயமாகவே விட்டுவிடவில்லை. தெருவில் இறங்கிக் கோபுரம் வரை அளந்து பார்த்தார். கணக்கு பொய்க்கவில்லை!

இது சிறு நிகழ்ச்சியே; ஆனால் அவர் வாழ்வில் பெரிய திருப்பம் அது. காலால் நடந்து எட்டாத இடத்தையும் கணக்கினால் எட்டலாம் என்ற நம்பிக்கை அன்று அவருள் வேரூன்றியது. கோபுரத்திற்குப் பொருந்தும் கணக்கு திங்களுக்கும் ஞாயிற்றுக்கும் பொருந்துமன்றோ? வானியலின் முதற்படியை அச்சிறுவர் தம் வீட்டிலிருந்தே ஏறிவிட்டார்.

மாஸ்கோ நூல்நிலையம்

மகனின் கைத்திறனையும் அறிவு வேட்கையையும் கண்ட தந்தையார், 1873ஆம் ஆண்டில் அவரை மாஸ்கோ நகருக்கு அனுப்பினார். அப்போது அவருக்கு வயது பதினாறு. கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பினும் விரிவுரைகள் செவியில் ஏறியிரா. எனவே அவர் பொது நூல்நிலையத்தையே தமக்குப் பல்கலைக் கழகமாக்கிக் கொண்டார். மாஸ்கோவில் செர்த்கோவ் நூல்நிலையம் என்னும் பெயரால் ஒரு நூல்நிலையம் இருந்தது. அங்குக் கட்டணம் ஏதுமின்றி எவரும் அமர்ந்து படிக்கலாம். ஏழையா, செல்வனா, பட்டம் பெற்றவனா என்று அதன் வாயில் எவரையும் வினவவில்லை. நாள்தோறும் காலையில் நூல்நிலையம் திறந்ததும் உட்புகும் அவ்விளைஞர், அது மூடும் வேளையில்தான் வெளிவருவார்.

மனம்போன போக்கில் நூல்களைப் புரட்டுவது கல்வியாகாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே தமக்குத் தாமே பாடத்திட்டம் வகுத்துக்கொண்டார். முதல் ஆண்டில் அடிப்படைக் கணிதமும் இயற்பியலும் பயின்றார். இரண்டாம் ஆண்டில் உயர் இயற்கணிதம், நுண்கணிதம், கோள முக்கோணவியல் முதலிய அரிய துறைகளில் புகுந்தார். கணிதத்தில் ஒரு தேற்றத்தைக் கண்டால், நூலில் உள்ள நிறுவலைப் பாராமல் தாமே நிறுவ முயல்வார். இயலாதபோதுதான் நூலின் துணையை நாடுவார். இயற்பியலில் ஓர் உண்மையைப் படித்தால், தம் சிற்றறைக்குச் சென்று, கையிற் கிடைத்த பொருள்களைக்கொண்டு அதனைச் சோதித்துப் பார்ப்பார்.

அந்நூல்நிலையத்தில் நிகோலாய் பியோதரோவ் என்னும் பெரியார் ஒருவர் பணியாற்றி வந்தார். அவர் ஆழ்ந்த அறிஞர். துறவி போன்ற எளிய வாழ்வினர். தம் சிறிய ஊதியத்தையும் ஏழைகளுக்குப் பகிர்ந்தளிப்பவர். மனிதகுலம் ஒருநாள் விண்வெளியெங்கும் பரவும் என்ற எண்ணம் அவர் உள்ளத்திலும் இருந்தது. நாள் தவறாமல் வந்து, யாரிடமும் பேசாது, கிழிந்த உடையுடன் மூலையில் அமர்ந்து படிக்கும் அவ்விளைஞரை அவர் கனிவோடு நோக்கினார். வேண்டிய நூல்களைத் தேடிக்கொணர்ந்து தந்தார். எளிதில் கிடைக்காத நூல்களும் அவரால் சியோல்கோவ்ஸ்கியின் கைக்கு வந்தன. கேட்க இயலாத மாணவருக்குப் பேசாமலே ஆசிரியரானார் அவர். பேராசிரியர்கள் தந்திருக்கக் கூடியவற்றை அந்நூலகரே தமக்குத் தந்தார் என்று பிற்காலத்தில் சியோல்கோவ்ஸ்கி நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

தந்தையார் திங்கள்தோறும் பத்து அல்லது பதினைந்து ரூபிள் அனுப்பி வந்தார். அதில் உணவுக்கு அவ்விளைஞர் செலவிட்டது ஒரு ரூபிளுக்கும் குறைவு என்றால் வியப்பாக இல்லையா? மூன்று நாளைக்கு ஒருமுறை கறுப்பு ரொட்டி வாங்குவார். அந்த ரொட்டியும் தண்ணீருமே உணவு. எஞ்சிய பணமெல்லாம் நூல்களாகவும், கண்ணாடிக் குழாய்களாகவும், பாதரசமாகவும், அமிலமாகவும் மாறின. அமிலம் தெறித்து அவர் காற்சட்டையில் மஞ்சட் கறைகளும் துளைகளும் உண்டாயின. தெருச் சிறுவர்கள் அவற்றைச் சுட்டி, எலி கடித்ததோ என்று கேலி செய்தனர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

அந்நாளில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. சுழலும் பொருள்களில் தோன்றும் மையம் விலகும் விசையைப் பயன்படுத்தி, மூடிய பெட்டி ஒன்றை விண்ணுக்கு உயர்த்தலாம் என்று கருதினார். மகிழ்ச்சி தாங்கவில்லை. அறையில் இருப்புக்கொள்ளாமல், இரவில் மாஸ்கோ நகரத் தெருக்களில் சுற்றித் திரிந்தார். நடந்துகொண்டே தம் எண்ணத்தை ஆராய்ந்தார். அந்தோ! அதில் பிழை இருந்தது. பெட்டிக்குள் சுழலும் பொருள்கள் பெட்டியை நடுங்கச் செய்யுமேயன்றி, அதன் எடையில் ஒரு சிறிதும் குறைக்கா என்பதை அவர் தாமே கண்டார். கனவு கலைந்தது. ஆயினும் அவர் உள்ளம் உடையவில்லை. தம் எண்ணம் என்பதற்காக ஒரு பிழையைப் போற்றி வைத்துக்கொள்ளாமல், தாமே அதனைக் களைந்தெறிந்த நேர்மை அவரை உண்மை அறிஞராக்கியது. அன்று சுவைத்த மகிழ்ச்சியோ வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

தனிக்கல்வியின் குறை

உடல் மெலிந்த மகனைப் பற்றிக் கேள்வியுற்ற தந்தையார் 1876இல் அவரை ஊருக்கு அழைத்துக்கொண்டார். சில காலம் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் கற்பித்துப் பொருளீட்டினார். 1879இல் ஆசிரியர் தேர்வைத் தனியாக எழுதித் தேறினார். 1880இல் போரோவ்ஸ்க் என்னும் சிற்றூரில் எண்கணிதமும் வடிவகணிதமும் கற்பிக்கும் ஆசிரியரானார். அவ்வாண்டிலேயே வார்வாரா என்னும் நங்கையை மணந்து இல்லறம் ஏற்றார்.

கேளாச் செவியினராயினும் அவர் நல்லாசிரியராக விளங்கினார். மாணவர் கூறுவதைக் கேட்பதற்குத் தகரத்தால் நீண்ட குழல் செய்து காதில் வைத்துக்கொள்வார். காகிதத்தால் பெரிய கூண்டு செய்து, சூடான காற்றை நிரப்பி மாணவர்களோடு பறக்கவிடுவார். பாடம் விளையாட்டாகவும், விளையாட்டு பாடமாகவும் அவர் வகுப்பில் மாறின.

ஓய்வு நேரங்களில் ஆராய்ச்சி தொடர்ந்தது. வாயுக்களின் அணுத்திரள்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் தம் அறிவாலேயே சிந்தித்து, ஒரு கொள்கையை வகுத்து, 1881ஆம் ஆண்டளவில் பீட்டர்ஸ்பர்க் நகர அறிஞர் கழகத்திற்கு அனுப்பினார். விடை வந்தது. கொள்கை சரியானதே. ஆனால் ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன்பே பிறர் அதனைக் கண்டுபிடித்துவிட்டனர்! சிற்றூரில் புதிய நூல்களும் இதழ்களும் கிடைக்காமையால், உலகம் அறிந்த ஒன்றை அவர் மீண்டும் ஒருமுறை கண்டுபிடித்தார்.

பிறராயின் இதனோடு முயற்சியைக் கைவிட்டிருப்பர். சியோல்கோவ்ஸ்கி இதிலிருந்து இரண்டு பாடங்களைக் கற்றார். துணையின்றித் தனித்து நின்றும் பேரறிஞர் கண்ட உண்மையைத் தம்மால் காண முடியும் என்பது ஒன்று. பிறர் கண்டவற்றைத் தேடி அறியாமல் தனித்து உழைப்பது காலத்தை வீணாக்கும் என்பது மற்றொன்று. தம் கட்டுரையைப் படித்த அறிஞர்கள் அவர் திறத்தை மதித்து ஊக்கமூட்டியதும் அவருக்கு ஆறுதலாயிற்று.

விண்ணுக்கு வழி

1883இல் வெட்டவெளி என்னும் பொருளில் ஒரு கையெழுத்து நூல் எழுதினார். ஈர்ப்பு விசை உணரப்படாத வெளியில் மனிதன் எப்படி இருப்பான்? அங்கு மேல் இல்லை, கீழ் இல்லை. கைவிட்ட பொருள் வீழ்வதில்லை. காலால் ஊன்றி நடப்பதற்கு நிலமும் இல்லை. அங்ஙனமாயின் நகர்வது எவ்வாறு? ஒரு பொருளைப் பின்னோக்கி எறிந்தால் நாம் முன்னோக்கிச் செல்வோம் என்று அவர் விடை கண்டார்.

மாணவர்களே, இதனை நீங்கள் எளிதில் உணரலாம். அசைவற்ற குளத்தில் ஒரு சிறு படகில் சில கற்களோடு அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். துடுப்பு இல்லை. ஒரு கல்லைப் பின்புறமாக வேகத்தோடு எறிந்தால் படகு சிறிது முன்னே நகரும். இன்னொரு கல்லை எறிந்தால் இன்னும் சிறிது வேகம் கூடும். இராக்கெட்டு கற்களுக்கு மாறாக எரிந்த வாயுவைப் பின்னோக்கி உமிழ்கிறது. தள்ளுவதற்கு அதற்குக் காற்றும் வேண்டா, நிலமும் வேண்டா. ஆதலின் காற்றில்லா வெளியிலும் செல்ல வல்ல ஊர்தி இதுவேயாகும்.

1892இல் அவர் கலூகா என்னும் நகருக்கு மாற்றப்பட்டார். எஞ்சிய வாழ்நாள் பெரும்பாலும் அவ்வூரிலேயே கழிந்தது. 1897இல், விசிறியால் காற்றைச் செலுத்தி, பறக்கும் கலங்களின் மாதிரிகளைச் சோதிக்கும் கருவியொன்றைத் தம் வீட்டிலேயே அமைத்தார். அவ்வாண்டிலேயே இராக்கெட்டின் வேகத்தைக் காட்டும் புகழ்பெற்ற வாய்பாட்டையும் தம் கணக்கில் அடைந்தார்.

அவ்வாய்பாடு கூறும் செய்தி யாது? இராக்கெட்டின் வேகம் இரண்டு பொருள்களைச் சார்ந்தது. ஒன்று, வாயு வெளியேறும் வேகம். மற்றொன்று, எரிபொருளோடு கூடிய தொடக்க எடை, எரிபொருள் தீர்ந்தபின் உள்ள எடையைப்போல் எத்தனை மடங்கு என்பது. வாயு நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொள்வோம். காற்றின் தடையையும் புவியின் ஈர்ப்பையும் இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். இராக்கெட்டும் நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகம் பெற, தொடக்க எடை இறுதி எடையைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு இருத்தல் வேண்டும். 6 கிலோமீட்டர் வேகம் பெற ஏறத்தாழ 7.4 மடங்கும், 9 கிலோமீட்டர் வேகம் பெற ஏறத்தாழ 20 மடங்கும் வேண்டும். வேகம் கூட்டல் முறையில் வளர, எடை பெருக்கல் முறையில் வளர்வதைக் காண்க. புவியைச் சுற்றிவர நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகமும், புவியின் ஈர்ப்பை வென்று அப்பாற் செல்ல ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வேகமும் தேவை. எனவே விண்வெளிச் செலவு மிக அரிது, ஆனால் இயலாததன்று. இவ்வுண்மையைக் கனவாக அன்றிக் கணக்காகவே அவர் உலகின் முன் வைத்தார்.

1903ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவியல் இதழொன்றில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. வெடிமருந்துக்கு மாறாக நீர்ம நிலையிலுள்ள ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிபொருளாகக் கொள்ளலாம் என்று அதில் விளக்கியிருந்தார். ரைட் சகோதரர்கள் தங்கள் விமானத்தில் முதன்முதல் பறந்தது அவ்வாண்டு டிசம்பர் 17ஆம் நாளில்தான். மனிதன் விமானத்தில் மரங்களின் உயரத்திற்கும் பறந்திராத காலத்தில், கலூகாவின் பள்ளி ஆசிரியர் திங்களுக்கு அப்பாலும் செல்லும் வழியைக் கணித்துவிட்டார்!

தீயும் வெள்ளமும்

அறிவுப்பணி இடையூறின்றி நடந்ததென எண்ணற்க. 1887இல் போரோவ்ஸ்கில் அவர் குடியிருந்த வீடு தீக்கிரையாயிற்று. அரிதின் சேர்த்த நூல்களும், இரவெல்லாம் கண்விழித்து எழுதிய கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. 1908இல் கலூகாவில் ஓகா ஆறு கரைபுரண்டு வீட்டினுள் புகுந்தது. அவருடைய தாள்களும் கருவிகளும் நீரில் கெட்டன. தீ எரித்ததையும் வெள்ளம் அழித்ததையும் அவர் மறுபடியும் எழுதினார்.

இவற்றினும் கொடியது உலகின் பாராமுகம். அவருடைய 1903ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழ் விரைவில் நின்றுபோயிற்று. கட்டுரையைப் படித்தவர் மிகச் சிலரே. செவிடரான ஊர்ப்பள்ளி ஆசிரியர் விண்ணுக்குச் செல்லக் கணக்குப் போடுகிறார் என்று சிலர் நகைத்தனர். அவரோ தம் சிறு வருவாயிலிருந்து செலவிட்டு, தம் கருத்துகளைச் சிறு சிறு நூல்களாக அச்சிட்டு, வேண்டுவோர்க்கெல்லாம் அனுப்பிவந்தார். தமக்கு ஒரு நூல்நிலையம் கதவு திறந்ததுபோல், பிறர்க்குத் தாம் கதவு திறக்க வேண்டும் என்பது அவர் உள்ளக் கிடக்கை போலும்!

1911, 1912ஆம் ஆண்டுகளில் அவர் ஆராய்ச்சியின் இரண்டாம் பகுதி வேறோர் இதழில் வெளிவந்தபோது அறிஞர் பலர் அதனை நோக்கினர். 1915இல் யாக்கோவ் பெரெல்மான் என்னும் எழுத்தாளர் கோள்களுக்கிடையே செல்லும் பயணத்தைப் பற்றி எளிய நடையில் எழுதிய நூல், இக்கருத்துகளை இளைஞரிடையே பரப்பியது. 1921இல் ருஷ்ய அரசு சியோல்கோவ்ஸ்கிக்கு வாழ்நாள் ஓய்வூதியம் வழங்கியது. அதன்பின் முழு நேரமும் ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று. ஒரே இராக்கெட்டு போதிய வேகம் பெறாவிடின், பல இராக்கெட்டுகளைத் தொடர் வண்டிபோல் இணைத்து, எரிபொருள் தீர்ந்த பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டுச் செல்லலாம் என்னும் அரிய கருத்தை 1929இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். விண்வெளியில் மனிதன் தங்கும் நிலையங்கள், அணியும் உடை, காற்றைத் தூய்மையாக்கும் செடிகொடிகள் ஆகியவற்றைப் பற்றியும் அவர் எழுதினார்.

இக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றை நாம் மறத்தலாகாது. 1923இல் ஒடெஸா நகரிலிருந்து வாலன்டின் குளுஷ்கோ என்னும் பதினைந்து வயதுச் சிறுவன் அவருக்குக் கடிதம் எழுதினான். விண்வெளிச் செலவைப் பற்றிக் கற்க விரும்புவதாகத் தெரிவித்து அவருடைய நூல்களை வேண்டினான். முதியவரான ஆசிரியர் அக்கடிதத்தைச் சிறுவனின் விளையாட்டென்று தள்ளவில்லை. நூல்களை அனுப்பினார், விடையும் எழுதினார். அச்சிறுவன் வளர்ந்து, புகழ்பெற்ற இராக்கெட்டு எஞ்சின் வல்லுநரானார். 1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் உலகின் முதற் செயற்கைத் துணைக்கோளை விண்ணில் செலுத்திய இராக்கெட்டின் எஞ்சின்கள், அவர் தலைமையில் உருவானவையே. மாஸ்கோவில் ஒரு நூலகர் ஏழை இளைஞரின் கையில் வைத்த நூல், ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒடெஸாவில் மற்றொரு சிறுவனின் கையை அடைந்து, அங்கிருந்து விண்ணையே எட்டியது எனலாம்.

புகழ் வாழ்வு

1932இல் சியோல்கோவ்ஸ்கியின் 75ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. அரசு அவருக்கு உயர்ந்த விருது அளித்தது. 1935ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 19ஆம் நாள், 78 வயது நிரம்பிய அப்பெரியார் கலூகாவில் காலமானார். தாம் கணித்த இராக்கெட்டு ஒன்றேனும் விண்வெளியை எட்டியதை அவர் காணவில்லை. ஆயினும் அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. அவர் பிறந்த நூற்றாண்டு நிறைவுற்ற 1957இல் முதற் துணைக்கோள் புவியைச் சுற்றியது. 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரானார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ககாரின் கலூகாவிற்குச் சென்று, சியோல்கோவ்ஸ்கியின் பெயரால் எழவிருந்த விண்வெளி அருங்காட்சியகத்திற்கு அடிக்கல் நாட்டினார். அது 1967இல் திறக்கப்பட்டது. புவியிலிருந்து நம் கண்ணுக்குப் புலனாகாத திங்களின் மறுபுறத்தில், பெரும்பள்ளம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வாழ்நாளெல்லாம் உலகின் பார்வையில் படாமல் உழைத்தவருக்கு ஏற்ற நினைவுச் சின்னம் அதுவன்றோ!

மாணவர்களே, மாஸ்கோவில் ஒரு நூல்நிலையம் கட்டணமின்றித் திறந்திருந்தது. சியோல்கோவ்ஸ்கி விண்வெளிக்கு வழி கண்டார். இன்றோ நூல்நிலையங்கள் பல ஊர்களிலும் உள்ளன. தொலைநோக்கிகள் எடுத்த விண்மீன் படங்களையும், விண்கலங்கள் அனுப்பிய செய்திகளையும் இணையத்தின் வழியே வீட்டிலிருந்தே காண இயலுகிறது. போரோவ்ஸ்கில் அவருக்குக் கிட்டாத புதிய ஆராய்ச்சிகள் நொடியில் நம் கண்முன் வருகின்றன. வாயில்கள் பெருகிவிட்டன, நுழைவோரின் முயற்சியும் அவற்றிற்கேற்பப் பெருகுதல் வேண்டுமல்லவா? கண்டதையெல்லாம் கண்டு கடந்துபோவது கல்வியாகாது. முறையாகத் திட்டமிட்டுக் கற்றல், கற்றதைத் தாமே சோதித்தல், தம் பிழையைத் தாமே திருத்தல், பிறர் கண்டதைத் தேடி அறிதல், அறிந்ததைப் பிறர்க்கு வழங்குதல் ஆகிய ஐந்தும் அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடங்கள்.

கோபுரத்தின் தொலைவை வீட்டிலிருந்தே கணித்து, பின்னர்த் தெருவில் இறங்கி அளந்து பார்த்த அச்சிறுவனை நினைவில் கொள்வோம். இன்றிரவு வானத்தை நோக்கும்போது ஒரு விண்மீனையேனும் பெயர் கூறி அறிந்துகொள்வோம். அறிந்ததை அருகிலிருப்பவருக்கும் காட்டுவோம். விண்வழி கண்ட அவ்வாசிரியர்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவேயாகும்.